18 வயதுக்குப் பின் காப்பாளர் யார்? சார்ந்து வாழும் வயது வந்தோரும் இந்தியச் சட்டமும்

தனக்கான முடிவைத் தானே எடுக்க இயலாத வயது வந்த ஒருவருக்காக யார் முடிவெடுக்கலாம், அப்படி எடுப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்கு அரசர்களும் சாத்திரகாரர்களும் காலனிய ஆட்சியாளர்களும் நாடாளுமன்றங்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றையொன்று நீக்கிவிட்டு வரவில்லை. பழையது கிடக்கப் புதியது அதன்மேல் வந்து அமர்ந்திருக்கிறது. அதனால் இன்றைய இந்தியாவில் அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு ஒரு சட்டமும், மனநோயுள்ளவருக்கு வேறொரு சட்டமும், முதுமையால் தளர்ந்தவருக்கு மூன்றாவது சட்டமும், நினைவிழந்து கிடப்பவருக்கு எந்தத் தனிச்சட்டமும் இல்லாத நிலையும் நிலவுகின்றன. இந்நிலைப்பாடுகளின் தோற்றத்தையும் குறைகளையும் தொகுத்து, கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் போன்ற ஓர் இடத்தில் அவை எப்படிச் செயல்படக்கூடும் என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் எல்லை

சிறார்களைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவானது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கானவை. 1875-ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டப்படி 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் காப்பாளர் அதிகாரம், எந்த ஆணையும் தேவைப்படாமலேயே, முடிந்துவிடுகிறது.

இந்த முடிவு எவ்வளவு திடீரென நிகழக்கூடியது என்பதை அண்மைய நிகழ்வு ஒன்றின் வழியே காணலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் நிலை வைப்பாக வைக்கப்பட்டு, 18 வயது நிறைந்ததும் வட்டியுடன் அவர்களிடம் தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பயன்பெறும் பிள்ளை அறிவுசார் குறைபாடு உடையவராக இருப்பாரானால், அவரை வளர்த்த பாட்டிக்கோ சித்தப்பாவுக்கோ 18-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தப் பணத்தின்மீது எந்த அதிகாரமும் இராது. வங்கியோ பணத்துக்கு உரியவரின் கையொப்பத்தையே கேட்கும். வளர்ப்புக் கடமை தொடர, அதற்கான அதிகாரம் மட்டும் மறைந்துபோகும் இந்த இடைவெளியே வயது வந்தோருக்கான காப்பாளர் சட்டம் பிறந்த இடம்.

அதே நிகழ்வு மறுபக்க எச்சரிக்கை ஒன்றையும் தருகிறது. மெத்தனால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. ஆனால் பார்வை இழப்பு முடிவெடுக்கும் திறனின் இழப்பு ஆகாது. நடக்கவும் எழுதவும் பிறர் துணை தேவைப்படுபவர் எல்லாருக்கும் காப்பாளர் தேவைப்படுவதில்லை. உடலால் சார்ந்திருப்பதும் சட்டத்தின் கண்ணில் திறனற்றிருப்பதும் வேறு வேறு.

வேர்கள்: அரசரும் குடும்பமும்

இன்றைய சட்டத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குடிகளுக்கு அரசரே பெற்றோர் என்ற ஆங்கிலேயக் கோட்பாடு. இடைக்கால இங்கிலாந்தில் பிறவியிலேயே அறிவு வளராதவரின் நிலத்திலிருந்து வரும் வருவாயை அரசர் எடுத்துக்கொள்ளலாம் என்றும், இடையில் மனநிலை பிறழ்ந்தவரின் நிலத்தை அவருக்காகவே பேணி அவர் குணமடையும்போது திருப்பித்தர வேண்டும் என்றும் வேறுபாடு இருந்தது. காப்பதும் கைப்பற்றுவதும் தொடக்கத்திலேயே அருகருகே இருந்தன என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது வேர் இந்துக் கூட்டுக் குடும்பம். மிதாட்சரம் என்னும் இந்துச் சட்ட மரபு, மனநிலை பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட சில குறைபாடுடையோருக்குச் சொத்தில் பங்கை மறுத்து, அதற்கு ஈடாகப் பங்காளிகளிடமிருந்து வாழ்நாள் முழுவதும் சீவனாம்சம் பெறும் உரிமையைத் தந்தது. சொத்தே இல்லாதவருக்குச் சொத்துக் காப்பாளர் தேவைப்படவில்லை. சோறும் துணியும் தருவது குடும்பத்தின் பொறுப்பாயிற்று. 1928-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தகுதியிழப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. பிறவிமுதல் மனநிலை பாதிக்கப்பட்டோரை மட்டும் விலக்கி வைத்தது. நோய், குறைபாடு, ஊனம் ஆகிய எக்காரணத்தாலும் ஒருவர் வாரிசுரிமையை இழக்கமாட்டார் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு கூறிய பிறகே, குறைபாடுடையோர் முழுப் பங்குக்கு உரியவர்களாயினர். பங்கு கிடைத்ததும் அதை யார் நிர்வகிப்பது என்ற கேள்வி கூர்மையடைந்தது.

காலனிய ஆட்சி இரு வேர்களையும் தன் வருவாய் நோக்கத்தோடு இணைத்தது. சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் பின்னர் 1902-ஆம் ஆண்டின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சட்டமும், நிர்வகிக்க இயலாத ஜமீன்தார்களின் சொத்தை அரசின் பொறுப்பில் எடுத்தன. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்பது பெயரளவில்தான் கோர்ட்டு. நடைமுறையில் அது வருவாய்த் துறையின் நிர்வாக அமைப்பு. மனநிலை பாதிக்கப்பட்டோரின் சொத்து குறித்து 1858-இல் இயற்றப்பட்ட சட்டங்களும், அவற்றை ஒருங்கிணைத்த 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் மாவட்ட நீதிமன்றத்துக்கு விசாரணை அதிகாரம் அளித்தன. இவை எல்லாம் சொத்துள்ளவரைக் குறித்தே கவலைப்பட்டன. 1976-இல் அரசு ஏற்றுக்கொள்ளும்வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் போன்ற மக்களுக்கு இந்த ஏற்பாடுகளால் பயன் கிட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

முதல் நிலைப்பாடு: முழுக் காப்பாளர்

திறனற்றவர் என்று ஒருவர் தீர்மானிக்கப்பட்டால், அவருக்குப் பதிலாக முழுமையாக முடிவெடுக்க இன்னொருவரை நியமிக்க வேண்டும் என்பது முதல் நிலைப்பாடு. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயுள்ளவரின் உடலைக் கவனிக்கக் காப்பாளரையும் சொத்தைக் கவனிக்க மேலாளரையும் தனித்தனியே நியமிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு வழிசெய்தது. மேலாளர் நீதிமன்ற அனுமதியின்றிச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ அச்சட்டம் இடம் தரவில்லை.

இந்நிலைப்பாட்டின் எளிமையான வடிவம் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே பொருந்தும் இச்சட்டம், நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழுவை அமைத்தது. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இக்குழுவின் உறுப்பினர்கள். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பெற்றோர் தம்மையே காப்பாளராக முன்மொழியலாம். காக்கப்படுபவர் பெண்ணாயின் தனி ஆண் ஒருவரைக் காப்பாளராக நியமிக்க விதிகள் இடம் தரவில்லை. வழக்கறிஞர் கட்டணமோ கோர்ட்டுச் செலவோ இன்றி ஆட்சியர் அலுவலகத்திலேயே முடியக்கூடிய நடைமுறை என்பதே இதன் பெரும் வலிமை.

குறை, அதிகாரத்தின் அகலத்தில் உள்ளது. காப்பாளர் தேவையா, எந்த நோக்கத்துக்குத் தேவை என்று குழு ஆராய வேண்டும் எனச் சட்டம் சொன்னாலும், கொடுக்கப்படும் அதிகாரத்துக்குக் காலவரம்பு வகுக்கவில்லை. 20 வயதில் காப்பாளர் பெற்றவர் 40 வயதில் தன் சம்பளத்தைத் தானே கையாளக் கற்றுக்கொண்டிருந்தாலும், அவரது நிலையைத் தானாக மறுஆய்வு செய்யும் கட்டாயம் எவருக்கும் இல்லை.

இரண்டாம் நிலைப்பாடு: பதிலாள் வேண்டாம், துணை போதும்

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மாற்றுத்திறனாளிகள் பிறருக்குச் சமமான சட்டத் திறன் உடையவர்கள் என்றது. சட்டத் திறன் என்பது உரிமைகளைப் பெற்றிருப்பதோடு, ஒப்பந்தம் செய்தல், வாக்களித்தல், சிகிச்சையை மறுத்தல் என அவ்வுரிமைகளைத் தானே செயல்படுத்தும் தகுதியையும் குறிக்கும். இப்பிரிவுக்கு 2014-இல் தரப்பட்ட விளக்கம், பிறருக்குப் பதிலாக முடிவெடுக்கும் முறைகளைக் கைவிட்டு, ஆதரவுடன் முடிவெடுக்கும் முறைக்கு நாடுகள் மாற வேண்டும் என்றது. எது நன்மை என்று பிறர் கருதுவதைவிட, அவரது விருப்பம் எதுவாக இருக்கும் என்பதே அளவுகோல் ஆக வேண்டும் என்றது. இந்தியாவில் இந்த நிலைப்பாட்டைச் சட்ட அறிஞர் அமிதா தண்டா போன்றோர் தொடர்ந்து முன்வைத்து வந்துள்ளனர்.

பிற நாடுகளின் பாதைகள் ஒரே மாதிரியாக இல்லை. ஜெர்மனி 1992-லேயே பழைய காப்பாளர் முறையை நீக்கி, தேவைக்கேற்ற துணையாளர் முறையைக் கொண்டுவந்தது. பெரு நாடு 2018-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பாளர் முறையைச் சட்டத்திலிருந்து எடுத்தது. அயர்லாந்து 2015-இல் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் ஒருவர் தெளிவான நிலையில் இருக்கும்போதே, பின்னாளில் தனக்காக முடிவெடுப்பவரை ஆவணம் எழுதி நியமிக்கலாம்.

இந்நிலைப்பாட்டை மறுப்போர் இரண்டு வாதங்களை வைக்கின்றனர். விருப்பத்தை எவ்வகையிலும் தெரிவிக்க இயலாதவரின் விருப்பத்தை ஊகிப்பது, பெயர் மாற்றிய காப்பாளர் முறையாகவே முடியக்கூடும் என்பது ஒன்று. காப்பாளர் என்ற பெயரில் செய்பவர் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். துணையாளர் என்ற பெயரில் அருகிருந்து கைநாட்டு வாங்குபவரைக் கண்காணிப்பது அதைவிடக் கடினம் என்பது மற்றொன்று. இவற்றுக்கு முழுமையான மறுமொழி இன்னும் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: வரம்புக்குட்பட்ட காப்பாளர்

2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் 13-ஆம் பிரிவு சமமான சட்டத் திறனை ஏற்கிறது. பணம் சார்ந்த செயல்பாட்டில் துணையாளரின் நலனும் துணை பெறுபவரின் நலனும் மோதினால் துணையாளர் ஒதுங்க வேண்டும் என்கிறது. துணை ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் மாற்றுத்திறனாளிக்கே உரிமை தருகிறது. 14-ஆம் பிரிவு, போதிய துணை அளித்த பின்னும் முடிவெடுக்க இயலாதவருக்கு மாவட்ட நீதிமன்றமோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ வரம்புக்குட்பட்ட காப்பாளரை நியமிக்கலாம் என்கிறது. அது, பரஸ்பர நம்பிக்கையின் அடிப்படையில் கூட்டாக முடிவெடுப்பது. குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுக்கும் மட்டுமே உரியது. பிற சட்டங்களின்கீழ் முன்பே நியமிக்கப்பட்ட காப்பாளர்களும் இனி வரம்புக்குட்பட்டவர்களாகவே கருதப்படுவர்.

சொல்லளவில் இது பெரும் மாற்றம். ஆனால் முழுக் காப்பாளர் முறையைக் கொண்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கேற்பத் திருத்தப்படவில்லை. ஆகவே பழைய சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட சான்றைப் புதிய சட்டத்தின் கண்ணோடு படிக்க வேண்டிய சுமை வங்கி மேலாளர்மீதும் சார்பதிவாளர்மீதும் விழுகிறது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, வேறொரு வழியில் சென்றது. மனநோயுள்ளவர் ஒவ்வொருவருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற ஊகத்திலிருந்து தொடங்கி, சிகிச்சை தொடர்பாகத் துணைநிற்க நியமனப் பிரதிநிதி ஒருவரைத் தாமே தெரிவுசெய்துகொள்ள அனுமதிக்கிறது. யாரும் இல்லாதவருக்குச் சமூகநலத் துறை இயக்குநரோ அவர் குறிப்பிடுபவரோ பிரதிநிதி ஆவார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை நினைத்துப் பார்த்தால், உடல்மீதான அதிகாரத்துக்கு இப்படி வரம்பிட்டதன் நியாயம் விளங்கும். ஆயினும் இச்சட்டம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியபோது சொத்து மேலாளர் பற்றிய அத்தியாயமும் உடன் நீங்கியது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

நீதிமன்றங்கள் நிரப்பும் இடைவெளி

விபத்திலோ பக்கவாதத்திலோ நினைவிழந்து கிடப்பவர் மேற்கூறிய சட்டங்கள் எதற்குள்ளும் எளிதில் அடங்குவதில்லை. முன்னதாக அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் உதவாது. எழுதியவர் புத்தி சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு கூறுகிறது. தேவைப்படும் தருணத்திலேயே செல்லாததாகிவிடும் ஆவணம் அது என்பதைப் பல குடும்பங்கள் மருத்துவமனைச் செலவுக்குப் பணம் தேடும்போதுதான் அறிகின்றன.

இத்தகைய வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ், பழைய ‘அரசே பெற்றோர்’ கோட்பாட்டைக் கையிலெடுக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்த நெறிமுறைகள், சொத்து முழுவதையும் வெளிப்படுத்துதல், மருத்துவக் குழுவின் அறிக்கை, வருவாய்த் துறை அதிகாரியின் நேரடி ஆய்வு, காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தருதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. சென்னை உயர் நீதிமன்றத்தில், நினைவிழந்த கணவரின் சொத்தை விற்க அனுமதி கேட்ட மனைவியை உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு 2024-இல் தனி நீதிபதி கூற, மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக நியமித்தது.

நீதிமன்றங்கள் வரம்பும் விதித்திருக்கின்றன. சண்டிகர் அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கருவைக் கலைக்க அவர் சம்மதமின்றி உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. வளர்ந்த, தெளிவான மனநிலையுள்ள மகளின் திருமணத் தெரிவில் ‘அரசே பெற்றோர்’ கோட்பாட்டுக்கு இடமில்லை என்று 2018-இல் ஹாதியா வழக்கில் கூறியது. இத்தீர்ப்புகள் மதிப்புமிக்கவை, ஆனால் வழக்குதோறும் வரும் நீதி, வழக்குத் தொடுக்க முடிந்தவரையே சென்றடைகிறது.

கடமைகள்: கணக்கு என்னும் அளவுகோல்

காப்பாளரின் கடமைகளை உடல், சொத்து என இரண்டாகப் பிரிக்கலாம். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காக்கப்படுபவரின் அசையும், அசையாச் சொத்துகளையும் வரவேண்டிய தொகைகளையும் கடன்களையும் பட்டியலிட்டுத் தர வேண்டும். நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், ஆண்டுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். சின்னசேலம் பக்கம் தம்பியின் பங்காக வந்த மரவள்ளிக் காட்டைக் கவனிக்கும் அண்ணன் ஒருவரை எண்ணிப் பார்த்தால், கிழங்கு ஏற்றிவிட்ட லோடுக்கு வந்த தொகை, வெட்டுக்கூலி, உரச்செலவு, தம்பியின் மருந்துக்கும் உணவுக்கும் ஆனது, பாஸ்புக்கில் மீதம் நிற்பது ஆகியவற்றைத் தன் சொந்தக் கணக்கோடு கலக்காமல் அவர் எழுதிவைக்க வேண்டும். புறக்கணிப்போ கையாடலோ நேர்ந்தால் பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு ஆகியோர் குழுவிடம் முறையிட்டுக் காப்பாளரை நீக்கக் கோரலாம்.

முறையிடக்கூடியோரின் பட்டியலில் காக்கப்படுபவரின் பெயர் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இதை ஓரளவு ஈடுசெய்கிறது; மாற்றுத்திறனாளி துன்புறுத்தப்படுவதாக அறியும் எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம் என்கிறது.

முதியோர் விஷயத்தில் நிலைமை தலைகீழானது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளுக்கும், பிள்ளையில்லாதவரின் சொத்தை அடையவிருக்கும் உறவினருக்கும் பராமரிக்கும் கடமையை விதிக்கிறது. பராமரிப்பதாக எழுதிவாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தச் சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்க 23-ஆம் பிரிவு வழிதருகிறது. ஆனால் மறதி நோயால் கையொப்பம்கூட மறந்துபோன தாயின் வங்கிக் கணக்கைக் கையாள அது மகளுக்கு அதிகாரம் எதையும் தரவில்லை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் கடமையை நிறைவேற்றச் சொல்லலாம். அதற்கான அதிகாரத்தை வழங்க இயலாது.

மலையிலிருந்து பார்க்கும்போது

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை இப்பகுதியினர் ஆட்சியரைக் காண விழுப்புரம் செல்ல வேண்டியிருந்தது. இன்று ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அருகே வந்துள்ளன. 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. ஆயினும் காப்பாளர் நியமனத்துக்குக் குறைபாட்டுச் சான்று, அடையாள அட்டை, விண்ணப்பம், குழுவின் கூட்டம் என ஒவ்வொன்றுக்கும் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கிவர வேண்டும். வருகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். நினைவிழந்தவரின் குடும்பமோ சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டும்.

மலையில் சொத்தின் இயல்பும் வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைக்கும் உரிமை வாரிசுகளுக்குச் செல்லும், விற்க இயலாது, மணமானவர்க்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். ஆகவே காப்பாளர் அந்நிலத்தை விற்றுவிடுவார் என்ற அச்சத்தைவிட, குறைபாடுள்ள வாரிசின் பெயர் உரிமை ஆவணத்தில் ஏறாமலே விடுபட்டுப்போகும் ஆபத்தே இங்கு பெரிதாக இருக்கக்கூடும். விற்பனையைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட காப்பாளர் சட்டங்கள் இந்த விடுபடலைக் கவனிப்பதில்லை.

மாறாக, ஒரு வாய்ப்பும் உள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு கூறும் நிர்வாக நடுவர்களில் வட்டாட்சியரும் ஒருவர். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலையிலேயே இருக்கிறது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மாவட்ட நீதிமன்றம் தவிர அரசு குறிப்பிடும் வேறு அதிகாரிக்கும் நியமன அதிகாரம் தர இடமளிக்கிறது. சிறு தொகைகள், உதவித்தொகை, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கான குறுகிய கால நியமனத்தை வட்ட அளவிலும், நில மாற்றம், அறுவைச் சிகிச்சை போன்ற பெரு முடிவுகளை மாவட்ட அளவிலும் வைப்பது நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

மதிப்பீடு

மூன்று நிலைப்பாடுகளில் எதுவும் தனியே போதுமானதாக இல்லை. முழுக் காப்பாளர் முறை கணக்குக் கேட்கிறது, ஆனால் அதிகாரத்தைத் தேவைக்கு மேல் தருகிறது. ஆதரவு முறை மனிதரை மதிக்கிறது, ஆனால் துணையாளரைக் கண்காணிக்கும் வழியைத் தெளிவாகச் சொல்லவில்லை. வரம்புக்குட்பட்ட முறை சொல்லில் இரண்டையும் இணைத்தாலும், அதைச் செயல்படுத்தும் படிவமும் பழக்கமும் இன்னும் உருவாகி வருகின்றன. நினைவிழந்தோருக்கும் மறதி நோயுள்ள முதியோருக்கும் உரிய சட்டம், திறனிழப்புக்குப் பின்னும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம், காக்கப்படுபவர் தாமே முறையிடும் உரிமை ஆகிய மூன்றும் தீர்க்கப்படாமல் நிற்கின்றன.

அதிகாரம் எவ்வளவு என்பதைப் பற்றிய விவாதம் நீண்டகாலம் நடந்துவிட்டது. அந்த அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பது அதே அளவுக்கு விவாதிக்கப்படவில்லை. எந்த முறையைத் தெரிவுசெய்தாலும், கால வரம்பு, கட்டாய மறுஆய்வு, எட்டும் தூரத்தில் முறையீட்டு இடம் ஆகிய மூன்றும் அதில் இல்லையென்றால், காப்பாளர் சட்டம் காக்கப்படுபவரைவிடக் காப்பவருக்கே வசதியானதாக முடியும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தந்துள்ள நியமன அதிகாரத்தை வட்ட அளவுக்குக் கொண்டுசெல்லப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாநில அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.